சிவப்பு கேலிப்பரும் மொட்டை டயரும்

சென்னை ஜி.பி. ரோடு பக்கம் போய் வந்தவர்களுக்குத் தெரியும். கார் அலங்காரச் சாமான்கள் விற்கும் கடைகள் வரிசை கட்டி நிற்கும் தெரு அது. கார்ப் பைத்தியம் பிடித்த நம்ம ஊர் இளைஞர்களுக்கு அங்கே கிடைக்கும் சாமான்களிலேயே தனி மோகம் ஒன்றின் மேல் உண்டு. அலாய் வீலின் ஆரங்களுக்கு நடுவே பளிச்சென்று தெரியும் சிவப்புக் கேலிப்பர், அதற்குப் பின்னால் துளை போட்ட பெரிய டிஸ்க். பணம் இருப்பவர் நிஜ சாமானையே வாங்கி மாட்டுகிறார். அவ்வளவு இல்லாதவர் கம்பெனி கேலிப்பர் மேலேயே சிவப்புப் பெயின்ட் அடித்துக்கொள்கிறார். அதற்கும் சோம்பல்படுபவர் பிளாஸ்டிக் மூடி ஒன்றை வாங்கி ஒட்டிக்கொண்டு போய்விடுகிறார்.

அலங்காரம் என்ற அளவில் இதில் சண்டை போட ஒன்றுமில்லை. அவரவர் கார், அவரவர் காசு. பெயின்ட் அடித்தவரும் மூடி ஒட்டியவரும் யாரையும் ஏமாற்றவில்லை, தன்னையும் ஏமாற்றிக்கொள்ளவில்லை. வம்பு எல்லாம் நிஜ சாமானை வாங்குபவரிடம்தான். "இதைப் போட்டா வண்டி டக்குனு நிக்கும் சார்" என்று சொல்லித்தான் அது விற்கப்படுகிறது. அதை நம்பித்தான் அவரும் லட்ச ரூபாயைத் தொடும் அல்லது தாண்டும் தொகையை எடுத்து வைக்கிறார். போட்ட பிறகு தன் கார் மற்ற கார்களைவிடப் பாதுகாப்பானது என்று நினைத்துக்கொண்டு, முன்னால் போகும் வண்டிக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாகவும் ஓட்டத் தொடங்குகிறார்.

முழுப் பொய்யாக இருந்தால் நாலு பேர் சேர்ந்து சிரித்துவிட்டுப் போகலாம். இது பாதி உண்மை. அதனால்தான் ஆபத்து.

விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடலாம். சாலையில் ஓடும் சாதாரண காருக்குப் பெரிய கேலிப்பரும் பெரிய டிஸ்கும் மாட்டினால் அந்தக் கார் நிற்கும் தூரம் குறையாது. குறைக்கக் கூடிய சாமான்கள் வேறு இருக்கின்றன. அவற்றின் விலை இதில் ஒரு சிறு பங்குதான். ஆனால் அவை எதுவும் சிவப்பாக இருக்காது, வெளியேயும் தெரியாது. அதனால் யாரும் வாங்குவதில்லை.

காரை நிறுத்துவது யார்?

பிரேக் காரை நிறுத்துவதில்லை. பிரேக் சக்கரத்தை நிறுத்துகிறது. காரை நிறுத்துவது டயர்.

இது ஏதோ வார்த்தை விளையாட்டு மாதிரி தோன்றலாம். ஆனால் மொத்த விவகாரமும் இதற்குள்தான் இருக்கிறது. ஓடும் காரைப் பின்னுக்கு இழுக்க வேண்டிய விசை சாலையிலிருந்துதான் வந்தாக வேண்டும். காரும் சாலையும் தொட்டுக்கொள்ளும் இடம் நாலே நாலுதான், ஒவ்வொன்றும் சுமார் ஓர் உள்ளங்கை அகலம். அந்த நாலு உள்ளங்கை ரப்பர் எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவுதான் கார் நிற்கும். அதற்கு மேல் பிரேக் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் சக்கரம் நின்றுவிடும், கார் வழுக்கிக்கொண்டே போகும்.

உங்கள் காரின் பிரேக் போதுமான பலம் உள்ளதா என்று தெரிந்துகொள்ள எந்தக் கடைக்காரரும் தேவையில்லை. ஆள் நடமாட்டமே இல்லாத நேரான இடத்தில், பின்னால் எதுவும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, பெல்ட் போட்டுக்கொண்டு, 50 கி.மீ. வேகத்தில் பெடலை முழு பலத்தோடு மிதித்தால் போதும். பெடல் காலுக்கடியில் கடகடவென்று துடித்தால் அது ஏ.பி.எஸ். வேலை செய்வது. அதாவது, "சக்கரம் நிற்கப் போகிறது, டயரால் இதற்கு மேல் முடியாது, பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்துகிறேன்" என்று கார் சொல்கிறது. ஏ.பி.எஸ். இல்லாத பழைய காராக இருந்தால் சக்கரம் லாக் ஆகி டயர் கிறீச்சிடும். இரண்டில் எது நடந்தாலும் பொருள் ஒன்றே. பிரேக்கின் பலம் ஏற்கெனவே டயரின் பிடியைத் தாண்டி நிற்கிறது. இதற்கு மேல் பலம் சேர்த்தால் என்ன ஆகும்? ஏ.பி.எஸ். இன்னும் சீக்கிரம் துடிக்கும். அவ்வளவுதான் :-)

இனி கொஞ்சம் கணக்கு. பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் போதும், பயப்பட வேண்டாம்.

100 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு 27.8 மீட்டர். நல்ல டயர், காய்ந்த தார்ச்சாலை. உராய்வுக் கெழு 0.8 என்று வைத்துக்கொள்வோம். பிரேக் மிதித்த கணத்திலிருந்து நிற்கும் தூரம் சுமார் 49 மீட்டர். அதே கார், அதே பிரேக், ஆனால் தேய்ந்த டயரும் ஈரச் சாலையுமாக உராய்வு 0.5-க்கு இறங்கிவிட்டால் சுமார் 79 மீட்டர். முப்பது மீட்டர் வித்தியாசம். இதை வேறு மாதிரி சொன்னால்தான் உறைக்கும். முதல் கார் முழுதாக நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது அதன் வேகம் இன்னும் மணிக்கு 61 கி.மீ.! அந்த இடத்தில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை நின்றிருந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கணக்கில் கேலிப்பரின் அளவு எங்கே வந்தது? எங்கேயும் வரவில்லை. டிஸ்கின் விட்டம்? வரவில்லை. காரின் எடைகூட வரவில்லை, அடித்துப் போய்விடுகிறது. வந்தவை இரண்டுதான்: வேகம், டயர். ஐப்பசி மழையில் சென்னைச் சாலையில் மொட்டை டயரோடு போகும் காருக்கு ஆறு பிஸ்டன் கேலிப்பர் போட்டாலும், அறுபது பிஸ்டன் கேலிப்பர் போட்டாலும் அந்த 79 மீட்டர் 79 மீட்டர்தான்.

அப்படியானால் பெரிய பிரேக் எதற்கு?

பாதி உண்மை என்று சொன்னோமே, அந்தப் பாதி இங்கே இருக்கிறது. பெரிய பிரேக் தருவது நிறுத்தும் பலம் அல்ல, சூட்டைத் தாங்கும் திறன்.

பிரேக் என்பது ஓட்டத்தின் ஆற்றலைச் சூடாக மாற்றும் கருவி. ஆட்களோடு சேர்த்து 1200 கிலோ எடையுள்ள கார் 100 கி.மீ. வேகத்தில் வைத்திருக்கும் ஆற்றல் சுமார் 463 கிலோ ஜூல். பிரேக் போடும்போது எடை முன்பக்கம் சாய்வதால், வேலையில் ஏறத்தாழ எழுபது சதவீதம் முன் சக்கரங்கள் தலையில் விழுகிறது. முன் டிஸ்க் ஒவ்வொன்றும் 5 கிலோ வார்ப்பிரும்பு என்று வைத்துக்கொண்டால், ஒருமுறை நிறுத்துவதில் அவை சுமார் 70 டிகிரி சூடேறும். 8 கிலோ டிஸ்க் போட்டால் சுமார் 44 டிகிரி. சாலையில் ஒருமுறை அவசரமாக நிறுத்துவதற்கு இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. எழுபது டிகிரி ஏறுவது எந்த நல்ல பேடுக்கும் பொருட்டில்லை.

ஆனால் பந்தயத் தடத்தில் கதை வேறு. இருங்காட்டுக்கோட்டையில் ஒருவர் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறார். வளைவுக்கு வளைவு பிரேக். டிஸ்க் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. சூடு மேல் சூடு சேர்ந்து பேடு தன் பிடியை இழக்கும். பெடல் கல் மாதிரி இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. இதைத்தான் ஃபேட் என்கிறார்கள். அங்கே பெரிய டிஸ்க் தேவை, சந்தேகமே இல்லை.

டிஸ்க் பிரேக் புகழ் பெற்ற கதையே இதுதான். 1953-ல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜாகுவார் சி-டைப் கார் டன்லப் டிஸ்க் பிரேக்கோடு வென்றது. மற்றவர்களின் டிரம் பிரேக்குகளாலும் ஒருமுறை நன்றாக நிறுத்த முடியும்தான். ஆனால் நீண்ட நேர்சாலையின் முடிவில், உச்ச வேகத்திலிருந்து, சுற்றுக்குச் சுற்று, இரவும் பகலுமாக நிறுத்திக்கொண்டே இருக்க டிரம்களால் முடியவில்லை. டிஸ்கால் முடிந்தது. ஜாகுவார் வாங்கியது முதல் நிறுத்தத்தை அல்ல, நூறாவது நிறுத்தத்தை.

அண்ணா சாலையில் சிக்னலுக்கு சிக்னல் உருளும் காருக்கு அந்த நூறாவது நிறுத்தம் எப்போது வரப் போகிறது?

"சரி, ஊட்டி மலை?"

நல்ல கேள்வி. நம்ம ஊரில் ஃபேட் நிஜமாகவே வரும் இடம் மலைப்பாதைதான். ஆனால் அங்கேயும் பெரிய டிஸ்க் விடை இல்லை என்பதுதான் வேடிக்கை.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 1500 மீட்டர் இறக்கம். நம் 1200 கிலோ கார் அதை இறங்கும்போது வெளியேற்ற வேண்டிய ஆற்றல் 17,600 கிலோ ஜூலுக்கு மேல். அதாவது 100 கி.மீ. வேகத்திலிருந்து 38 முறை முழுதாக நிறுத்துவதற்குச் சமம். காற்றும் டயரின் உருளலும் இதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். மீதி முழுவதையும் பிரேக் தலையில் கட்டினால் கம்பெனி டிஸ்கும் திணறும், லட்ச ரூபாய் டிஸ்கும் கொஞ்ச நேரம் கழித்துத் திணறும்.

மலைக்காரர்கள் இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். எந்த கியரில் ஏறுகிறாயோ அதே கியரில் இறங்கு. வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளிலும், கொல்லிமலையின் எழுபது வளைவுகளிலும் அரசு பஸ் ஓட்டுநர் செய்வது இதைத்தான். இன்ஜினே வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிறது. பிரேக் வளைவுக்கு மட்டும். செலவு சைபர். உதகையிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளில் மாட்டிக்கொள்ளும் சமவெளி ஓட்டுநர்கள் பலர் செய்யும் தவறும் இதன் மறுபக்கம்தான். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிவிட்டு, மேலிருந்து கீழ்வரை பிரேக் பெடலை லேசாக மிதித்தபடியே வருவது.

இங்கே ஃபேட் மட்டுமில்லை, அதைவிட மோசமான ஒன்றும் காத்திருக்கிறது: பிரேக் ஆயில் கொதிப்பது. சாதாரண பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் குணம் கொண்டது. புத்தம் புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு அது 140 வரை இறங்கலாம். டாட் 4 என்றால் புதிதில் 230, ஈரத்தில் 155. பல வருடம் மாற்றாமல் விட்ட ஆயில், சூடேறிய கேலிப்பருக்குள் கொதித்துக் குமிழி விடும். திரவத்தை அழுத்தினால் விசை போய்ச் சேரும். ஆவியை அழுத்தினால் அது வெறுமனே சுருங்கும். பெடல் "பொதுக்" என்று தரைவரை போய்விடும். பிறகு செய்தித்தாளில் "பிரேக் பிடிக்காததால் கார் பள்ளத்தில் கவிழ்ந்தது" என்று வரும்.

அந்தக் காரில் சிவப்பு கேலிப்பர் இருந்தாலும் இதே கதைதான் நடந்திருக்கும். சில நூறு ரூபாய் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியிருந்தால் நடந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கார் கையேடுகளில் பெரும்பாலும் இந்த இரண்டு வருடக் கெடு எழுதியே இருக்கிறது. கையேட்டை யார் படிக்கிறார்கள்?

தராசைக் கெடுப்பது

இதுவரை சொன்னது காசு வீண் என்பது. இனிச் சொல்லப் போவது, காசு கொடுத்து ஆபத்தை வாங்குவது.

ஒரு காரின் பிரேக் அமைப்பு தராசு மாதிரி. முன் சக்கரத்துக்கு எவ்வளவு, பின் சக்கரத்துக்கு எவ்வளவு என்று தயாரிப்பாளர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். முன் சக்கரம் தன் பிடியின் எல்லையைத் தொடும்போது பின் சக்கரமும் ஏறத்தாழ அதன் எல்லையை நெருங்க வேண்டும், ஆனால் முந்திவிடக் கூடாது. முந்தினால் பின்பக்கம் வழுக்கி வண்டி சுற்றிவிடும்.

நம்ம ஊர் ஹேட்ச்பேக் கார்கள் பலவற்றில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். கடையில் "கிட்" என்று மாட்டப்படுவது பெரும்பாலும் முன் சக்கரத்துக்கு மட்டும். டிஸ்கின் ஆரம் கூடுகிறது, பிஸ்டனின் பரப்பு கூடுகிறது. அதே பெடல் அழுத்தத்துக்கு முன் சக்கரத்தில் இரட்டிப்பு முறுக்குவிசை வந்தால்கூட ஆச்சரியமில்லை. விளைவு? முன் சக்கரம் சீக்கிரமே எல்லையைத் தொட்டுவிடுகிறது. அந்தக் கணத்தில் பின் டிரம்மோ தன்னால் செய்ய முடிந்த வேலையில் பாதியைக்கூடச் செய்திருக்காது. ஓட்டுநர் அதற்கு மேல் மிதிக்கத் துணியாவிட்டால் நிற்கும் தூரம் கூடும். ஆமாம், லட்சம் செலவழித்து தூரத்தைக் கூட்டிக்கொள்ள முடியும்.

"லேசா தொட்டாலே கடிக்குது மச்சி, செம பவர்" என்று நண்பரிடம் பெருமையடிப்பது இந்தத் தராசு கெட்டதைத்தான். பெடல் லேசாகக் கடிப்பதும் வண்டி சீக்கிரம் நிற்பதும் ஒன்றல்ல. இந்தக் குழப்பத்தில்தான் முழு வியாபாரமும் ஓடுகிறது.

சில கிட்களில் இதன் தலைகீழும் நடக்கும். பிஸ்டன்கள் பெரிதானால் அவற்றை நகர்த்த அதிக ஆயில் தேவை. அதை அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரோ பழைய அளவுதான். அதனால் பெடல் முன்பைவிட ஆழமாக இறங்கும். அவசர நேரத்தில் அந்தக் கூடுதல் இறக்கமும் நேரம்தான்.

ஏ.பி.எஸ். கதை தனி. 1978-ல் மெர்சிடீஸ் எஸ்-கிளாஸ் காருக்கு பாஷ் செய்து கொடுத்த காலத்திலிருந்து அது வளர்ந்து, 2019 முதல் இந்தியாவில் விற்கும் புதிய கார்களில் கட்டாயமாகிவிட்டது. அதன் மூளை நொடிக்குப் பலமுறை அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது. எவ்வளவு அழுத்தம் குறைத்தால் சக்கரம் எவ்வளவு விடுபடும் என்ற கணக்கு அந்தக் காரின் கேலிப்பர், டிஸ்க், டயர் அளவுகளை வைத்துச் சோதித்துப் போட்டது. பெரிய கேலிப்பர் மாட்டியதை அதனிடம் யாரும் சொல்வதில்லை.

அதோடு முடிவதில்லை. பெரிய கேலிப்பர் 14 அங்குல வீலுக்குள் நுழையாது. எனவே 16, 17 அங்குல வீல். அதற்கு ஒல்லியான பக்கச்சுவர் உள்ள டயர். நம்ம ஊர்ப் பள்ளங்களில் அந்த டயரும் வீலும் படும் பாடு சொல்லி மாளாது. ஸ்பிரிங்குக்குக் கீழே எடை கூடினால் மேடு பள்ளத்தில் டயர் சாலையை விட்டுத் துள்ளும் நேரமும் கூடும். சாலையைத் தொடாத டயர் எதை நிறுத்தும்?

"எஃப் 1 காரில் போடுகிறார்களே!"

இந்த வாதத்துக்கு ஓர் எண் போதும். 2021 வரை ஃபார்முலா 1 விதிகளின்படி பிரேக் டிஸ்கின் விட்டம் 278 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. 2022-ல் சக்கரம் 13 அங்குலத்திலிருந்து 18 அங்குலத்துக்கு மாறிய பிறகுதான் முன் டிஸ்க் 330 மி.மீ. வரை வளர்ந்தது. இன்று சாலையில் ஓடும் பல எஸ்.யூ.வி.களின் டிஸ்க் 300 மி.மீ.க்கு மேல். ஆக, மணிக்கு 300 கி.மீ.க்கு மேல் போகும் எஃப் 1 கார் பல வருடங்கள் ஓர் எஸ்.யூ.வி.யைவிடச் சின்ன டிஸ்கோடுதான் நின்றது.

எப்படி? பசை மாதிரி ஒட்டும் வழவழப்பான பந்தய டயர், காரையே தரையோடு அமுக்கும் இறக்கைகள், ஆயிரம் டிகிரியையும் தாங்கும் கார்பன் டிஸ்க். அதாவது பிடி டயரிலிருந்தும் காற்றிலிருந்தும் வருகிறது, சூட்டைத் தாங்குவது பொருளின் குணம். கேலிப்பரின் நிறத்துக்கு இதில் பங்கில்லை.

துளை போட்ட டிஸ்கும் அப்படித்தான். பழைய காலத்துப் பேடுகள் சூட்டில் வாயு விட்டன. அது வெளியேற வழி வேண்டும் என்று துளை போட்டார்கள். இன்றைய பேடுகளுக்கு அந்தப் பிரச்சினை பெரும்பாலும் இல்லை. மலிவான டிஸ்கில் துளை போட்டால், கடுமையான சூட்டில் அந்தத் துளையின் விளிம்பிலிருந்துதான் விரிசல் தொடங்கும்.

இன்னொரு கூத்து, பந்தய பேடு. அது சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும். காலையில் வீட்டிலிருந்து கிளம்பி முதல் சந்தில் நாய் குறுக்கே ஓடும்போது அது சில்லென்று இருக்கும். கம்பெனி பேடு அளவுக்குக்கூடப் பிடிக்காது.

போலிகள் வேறு. 1961-ல் இத்தாலியில் தொடங்கி 1975 முதல் ஃபெராரியின் பந்தயக் கார்களுக்குப் பிரேக் கொடுத்த பிரெம்போ நிறுவனத்தின் பெயரைப் பொறித்துக்கொண்டு உலகம் முழுக்கப் போலி கேலிப்பர்கள் சுற்றுகின்றன. உயிர் தொங்கும் சாமானில் ஸ்டிக்கரை நம்புவது எவ்வளவு பெரிய துணிச்சல்!

பதில் சொல்ல வேண்டிய வாதங்கள்

"கம்பெனிக்காரன் காசு மிச்சம் பிடிக்கச் சின்ன பிரேக் போடுகிறான்." கம்பெனிகள் காசு மிச்சம் பிடிப்பது உண்மைதான். ஆனால் எங்கே? முதல் கை டயரில்தான் வைக்கிறார்கள். மைலேஜ் கூட்ட ஒல்லியான, கடினமான டயர் போடுவது ஊரறிந்த ரகசியம். அப்படியானால் மாற்ற வேண்டியது எது என்று வாதிப்பவரே யோசிக்கலாம். பிரேக்கைப் பொறுத்தவரை, சென்னை பாடியில் 1962 முதல் பிரேக்ஸ் இந்தியா என்ற கம்பெனி இதையே தொழிலாகச் செய்துவருகிறது. முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பங்கிடுவதைச் சோதனை மேடையிலும் தடத்திலும் வைத்துப் பார்ப்பது இந்தத் தொழிலின் அன்றாட வேலை. ஒரு மதியத்தில் கிட் மாட்டிக் கொடுக்கும் கடையில் அந்தச் சோதனை நடப்பதில்லை.

"இன்ஜினை ரீமேப் செய்து பவர் கூட்டியிருக்கிறேன், பிரேக்கும் கூட்ட வேண்டாமா?" வேகம் கூடினால் ஆற்றல் அதன் இருமடியில் கூடுகிறது என்பதால் கேள்வி நியாயமானது. அடிக்கடி பந்தயத் தடத்துக்குப் போகிறவர், கனமான டிரெய்லர் இழுக்கிறவர், பவரை நிஜமாகவே பெரிதாக ஏற்றியவர்... இவர்களுக்குப் பெரிய பிரேக் தேவைப்படலாம். ஆனால் அவர்களுக்கும் வரிசை ஒன்றுதான். முதலில் டயர், பிறகு புது ஆயில், பிறகு நல்ல பேடு, பிறகு டிஸ்குக்குக் காற்றுப் போகும் வழி. இவ்வளவும் செய்த பிறகும் ஃபேட் வந்தால், முன்னும் பின்னும் சேர்த்துக் கணக்குப் போட்ட முழு செட். வரிசையின் கடைசியில் வர வேண்டியதை முதலில் வாங்குவதுதான் இங்கே வழக்கம்.

"சட்டம் ஒன்றும் சொல்லவில்லையே." மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளரின் மூல விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. கேலிப்பர் அளவு பதிவுச் சான்றில் இல்லையே என்று வக்கீல் மாதிரி பேசலாம். ஆனால் விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் ஆய்வாளர் வந்து, சொல்லாமல் மாற்றிய பிரேக்கைப் பார்த்துக் கேள்வி கேட்டால், அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் நிற்கும்?

லட்சம் இல்லாமல் என்ன செய்யலாம்?

டயரின் பக்கச்சுவரில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 1422 என்றால் 2022-ஆம் ஆண்டின் 14-வது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் வயசான ரப்பர் கெட்டித்துப் போயிருக்கும். காடிகளுக்குள் சின்ன மேடு தெரியும். அதன் உயரம் 1.6 மி.மீ. பட்டன் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது. மழையில் அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும். காற்றழுத்தம் மாதம் இரண்டு முறை, டயர் ஆறியிருக்கும்போது.

பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. பேடின் தடிமன் ஒவ்வொரு சர்வீஸிலும். கேலிப்பர் நகரும் பின்களுக்கு அதற்குரிய கிரீஸ். பின் டிரம்மைக் கழற்றித் தூசி தட்டி ஷூ லைனிங் பார்ப்பது. நம்ம ஊர் மெக்கானிக்குகள் பலர் "பின்னாடி நல்லாத்தான் இருக்கு சார்" என்று கழற்றாமலே தாண்டிப் போகும் இடம் இதுதான். வாசலில் நின்று கழற்றச் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல், வேகம். 100-ஐ 80 ஆக்கினால் நிற்கும் தூரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. உலகின் எந்த கேலிப்பராலும் தர முடியாத லாபம் இது.

இவ்வளவு கோபம் எதற்கு, யாரோ தன் காசில் சிவப்பாக எதையோ மாட்டிக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த வருடம் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. சிவப்பு கேலிப்பர்தான் இதற்குக் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் பாதுகாப்புக்கென்று ஒதுக்கிய காசு முழுவதும் பாதுகாப்புத் தராத ஒரு சாமானில் போய் முடங்கும்போது, டயர் மாற்ற வேண்டிய காசும் அதோடு போய்விடுகிறது. போதாததற்கு, தன் கார் எப்படியும் நின்றுவிடும் என்ற தைரியம் வேறு சேர்ந்துகொள்கிறது. அந்தத் தைரியத்துக்கான விலையை அவர் மட்டும் கொடுப்பதில்லை. எதிரே ஸ்கூட்டரில் வருபவரும், சாலையைக் கடக்கும் பாட்டியும் சேர்ந்து கொடுக்கிறார்கள்.

கிட் வாங்கக் காசு சேர்த்து வைத்திருப்பவர்கள் இந்த வாரம் ஒரு வேலை செய்யலாம். கார் பக்கத்தில் குனிந்து அந்த நாலு இலக்க எண்ணைப் படித்துப் பார்க்கலாம். கடைசியாக எப்போது பிரேக் ஆயில் மாற்றியது என்று சர்வீஸ் பில்லைத் தேடிப் பார்க்கலாம். இரண்டுக்கும் நல்ல பதில் கிடைக்கும்வரை, கேலிப்பரைச் சிவப்பாக்க ஆசைப்படுகிறவர்களுக்குப் பெயின்ட் டப்பா போதும்.